ராயருக்குக் கூட்டாளி

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகையில் குணாளன்
மோட்டார்சைக்கிளை விற்றான்,
கட்டிலை விற்றான்,
லோஹானை மட்டும் என் தலையில் கட்டினான்.
"பேரு ராயர். ரெண்டு வேளை தீனி.
கையை உள்ளே விட்டுடாதேக்கா.
அடுத்த மாசம் தலை வீங்கும் பாரு,
ஆயிரம் வெள்ளிக்குக் கேப்பானுங்க."

பாடாங் செராய். மலிவு வீட்டு வரிசை.
பின்னால் செம்பனை, முன்னால் லோரிச் சாலை.
முன்னறையில் பாதியை
நாலடித் தொட்டி எடுத்துக்கொண்டது.
மீதிப் பாதியில் நான்,
கையுறைத் தொழிற்சாலை ராத்திரி வேலையின்
மாவு நாற்றத்தோடு.

வந்தவர்கள் முதலில் என்னைப் பார்த்தார்கள்,
பிறகு அதை.
"பாவம், இவ்வளவு இடத்துல ஒண்டியாவா?"
யாரைக் கேட்டார்கள் என்பது
சில நேரம் விளங்கவில்லை.

முதலில் வாங்கியது
வெள்ளித்தட்டு மீன் இரண்டு.
கலியாணத்துக்கு வந்த தூரத்து உறவுபோல
ஒன்றையொன்று ஒட்டியே நின்றன.
ராயர் அன்று முழுதும் எதுவும் செய்யவில்லை.
கூழாங்கல்லை வாயில் அள்ளி
இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சுமந்தது,
காணி அளக்கிற சர்வேயர் மாதிரி.
விடிந்து வந்து கதவைத் திறந்தேன்.
ஒன்று ஃபில்டருக்குப் பின்னால்.
மற்றது தரையில், நாற்காலிக்கு அடியில்,
காய்ந்த மாவிலையாய்.

அடுத்து பண்டாராயா மீன்.
அழுக்கைத் தின்கிறதாம், அதனால்
மாநகர மன்றத்தின் பேரே வைத்துவிட்டார்கள்.
கறுப்பு ஓடு, முள் முதுகு,
யாரையும் முறைக்காத குணம்.
பதினோரு நாள் தாங்கியது.
கண் இரண்டும் போன பிறகும்
கண்ணாடியை நக்கிக்கொண்டே இருந்தது.
வாளியில் போட்டு ஆ லெக் கடைக்குத் தூக்கிப் போனேன்.

தடுப்பு போட்டால் என்ன, என்றேன்.
ஆ லெக் தோட்டத்து மளிகைக்கடையில் பிறந்தவன்,
தமிழில் திட்டினால்தான் அவனுக்குத் திருப்தி.
"போடு. தடுப்பை முட்டும்.
ராத்திரி பூரா முட்டும். வாய் பிஞ்சி போவும்.
சில மீனுக்கு ஆள் வேணாம், தங்காச்சி.
கேக்கறவனுக்குத்தான் வேணும்."
வாளியை வாங்கிக்கொண்டான்.
மருந்துக்குக் காசு வாங்கவில்லை.

பின்கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டினேன்,
தன் பிம்பத்தோடும் அது சண்டைக்கு நின்றதால்.
காலையில் அதற்கு இரண்டு இறால்,
எனக்கு ரொட்டி சானாய்.
கண்ணாடியில் விரலை ஓட்டினால்
கூடவே வரும், செவுளை விரித்துக்கொண்டு.
பாசமா, கடிக்கவா?
நான் கேட்டதில்லை.

மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை
உள்ளே கவிழ்த்திருந்த பூச்சட்டியின் மேல்
சவ்வரிசி, வரிசை வரிசையாக.
பூஞ்சை என்றுதான் நினைத்தேன்.
ராயர் அதைவிட்டு நகரவில்லை,
துடுப்பால் விசிறியபடி நின்றது.

குணாளனைக் கூப்பிட்டேன்.
"உன் ராயர் முட்டை போட்டிருக்கு."
அந்தப் பக்கம் இரும்பு விழும் சத்தம்.
கொஞ்சம் கழித்து,
"அப்போ தலை வளராதா?"

சிரித்தேன், பக்கத்து வீட்டில்
ரேடியோவைக் குறைக்கும் அளவுக்கு.

மூன்று நாள் அது இறாலைத் தொடவில்லை.
பொரிக்காத முட்டை என்று
ஆ லெக் என்னிடம் சொல்லிவிட்டான்.
அதனிடம் யார் சொல்வது?
நான்காம் நாள் எல்லாம் வெளுத்தன.
ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்,
அதுவே தின்று முடித்தது.
பிறகு கூழாங்கல்லை அள்ளத் தொடங்கியது,
இந்த முறை நடுவில் குவிக்க.

பேரை மாற்றவில்லை. ராயர்தான்.

நேற்று சாரதாம்பாள்
பிளாஸ்டிக் பையில் எதையோ கொண்டுவந்தாள்,
"துணைக்கு" என்று.
உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தேன்.
முறுக்கும் கொடுத்தேன்.
போகும்போது
பையையும் கொடுத்தேன்.