ஒன்றிலிருந்து ஏழு வரை

கடந்த இரண்டு வாரங்களில்
எவ்வளவு நேரம் களைப்பாக உணர்ந்தீர்கள்?
ஹசீனா தாளைப் பார்த்து வாசிக்கிறாள்.
எப்போதும் என்றால் ஒன்று.
ஒருபோதும் இல்லை என்றால் ஏழு.

ஸ்டான்லியில் விடிகாலை சீட்டு வாங்கி
மூன்று மணி நேரமாக நிற்கிறவனிடம்
கேட்கிற கேள்வியா இது?
வாய் வரைக்கும் வந்தது.
அவளும் நின்றுகொண்டுதான் கேட்கிறாள்.
மூன்று என்றேன்.

மூன்று என்றால்,
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
கொக்கி மாட்டி ஒரு பாரை இழுத்தால்
முன்பெல்லாம் அது எனக்கு முன்னே ஓடும்.
இப்போது பாதி வழியில் நிற்கிறேன்.
ஐஸ் நிற்குமா, உருகுகிறது.
காலடியில் ஓடும் தண்ணீரும் என் கணக்கில்தான்.
மேஸ்திரி லூர்துசாமி
பீடி பற்றவைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.
அந்தத் திருப்பலுக்குத் தாளில் கட்டம் இல்லை.

அரிப்பு, ஐந்து.
தூக்கம் கெடுவது
வேலை நாளில் ஏழு, லீவு நாளில் ஒன்று.
நடுவில் போட்டு நாலு என்று எழுதிக்கொண்டாள்.

சாப்பாட்டில் சிரமம் உண்டா?
மீன் வறுக்கிற வாசனைக்கே எழுந்து
மாடிப்படிக்குப் போய்விடுகிறேன், மீன்காரத் தெருவில் குடியிருந்துகொண்டு.
ஸ்டெல்லா ஒன்றும் சொல்வதில்லை.
அடுப்பை அணைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுகிறாள்.

ஒரே தட்டில் சாப்பிடலாம் என்றார் டாக்டர்.
பிளேடும் பிரஷும் மட்டும் தனி.
அவளும் பையனும் மூன்று ஊசி போட்டுக்கொண்டார்கள்.
டீக்கடையில் எனக்கு மட்டும் பேப்பர் கப்.
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
"ஈரலா? அப்ப சரக்குதான்" என்றான் பக்கத்து வீட்டு டேவிட்,
சரக்கடித்துவிட்டு.
ஞாயிற்றுக்கிழமை கோயில் திராட்சைரசம்கூட
நாக்கில் பட்டதில்லை எனக்கு.

ராத்திரி ஒன்பதுக்கு ஒரு மாத்திரை.
கொருக்குப்பேட்டை கேட் மூடி
கூட்ஸ் வண்டி போகிற நேரம்.
எண்ணிக்கொண்டே விழுங்குவேன்,
சில நாள் நாற்பது பெட்டி, சில நாள் ஐம்பத்தெட்டு.
போன மாத ரிப்போர்ட்டில்
கிருமி "தென்படவில்லை" என்று வந்தது.
அப்ப நிறுத்திடலாமா சார் என்றேன்.
நாங்க சொல்றவரைக்கும் கூடாது என்றார்.
ஒளிந்திருக்கிறவன் வீட்டு வாசலில்
தினம் ஒன்பதுக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு வருகிறேன்.

நோய் முற்றிவிடுமோ என்ற கவலை?
பேசாமல் இருந்தேன்.
பேனா கட்டங்களின் மேலேயே காத்திருந்தது.
உனக்குக் களைப்பு எத்தனைம்மா என்றேன்.
சிரித்தாள்.
"ரெண்டு. எழுதிடாதீங்க அண்ணே."
எழுதுகிற பேனா அவளிடம்தான் இருந்தது.

ஜன்னலில் சவரியப்பன் என்று கூப்பிட்டார்கள்.
டப்பாவைக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன்.
முப்பது இருக்கிற சத்தம்தான்.
கடைசிக் கேள்வியை
அவளே நாலு என்று போட்டிருப்பாள்.
இருக்கட்டும்,
கிட்டத்தட்ட சரிதான்.