பதினோராம் நாள்

குவோபியோவில் ஜனவரி.
ஒன்பதரைக்கு வரும் வெளிச்சம்
கடன்காரனைப் பார்த்துவிட்டதுபோல
மூன்று மணிக்குள் சந்தில் திரும்பிவிடும்.

இர்யா கையுறை மாட்டுகிறாள்.
முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில்
எலிக்கருவின் மூளையணுக்கள், தட்டுத் தட்டாக.
இளஞ்சிவப்புத் திரவத்தில் ஒரு துளி மருந்து விடுகிறாள்.
காலையில் ஆறிய காப்பியோடு
அவள் விழுங்கியதும் அதே மருந்துதான்.
பதினோரு நாளாக.
பக்கத்து மேசை ரெய்யோவுக்குத் தெரியாது.

இது வேலைசெய்யும் விதத்தை
மாணவர்களுக்குப் பலகையில் வரைந்து காட்டியிருக்கிறாள்:
இரண்டு அணுக்களுக்கு நடுவே
ஒரு மயிரைச் சில ஆயிரமாய்க் கிழித்தால் கிடைக்கிற இடைவெளி.
ஓரணு செரட்டோனினைத் துப்பும்.
எதிரில் இருப்பது கேட்டதா என்றுகூடப் பாராமல்
துப்பிய வாயே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்,
சொல்லிவிட்டு, நான் எங்கே சொன்னேன் என்கிற ஆள்போல.
மருந்து அந்த வாயில் போய்
ஆப்பாய்ச் செருகிக்கொள்கிறது.
சொன்ன சொல் இன்னும் கொஞ்ச நேரம்
நடுவழியில் நிற்கிறது.
அவ்வளவுதான். சில மணி நேர வேலை.

பிறகு ஏன் பதினோரு நாள்?

அடுத்த அம்புக்குறி:
சொல் மிகுந்ததும் சொன்ன அணுவே மிரண்டு
பிரேக்கை மிதிக்கிறது.
மிதித்து மிதித்து அதன் கால் மரத்துப்போக
வாரங்கள் ஆகும்.
அதற்குப் பிறகு எங்கோ உட்கருவில் ஒரு பக்கம் புரண்டு
மொட்டைக் கிளையில் முள் அரும்பும்.
இந்த அம்புக்குறியின் தலைக்கு மேல்
எப்போதும் ஒரு கேள்விக்குறி போடுவாள்.
தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

தட்டு எண் பதினான்கு.
லென்ஸுக்குக் கீழே பச்சையாய் ஒளிரும் கிளைகள்.
முட்களை எண்ணுகிறாள்.
பத்து மைக்ரானுக்கு ஏழு. ஒன்பது. ஒன்பது.
மருந்து படாத தட்டில் ஆறு.
இத்தனைக்கும் இந்தத் தட்டில்
செரட்டோனின் துப்பும் அணு ஒன்றுகூட இல்லை.
யாரும் எதுவும் சொல்லாத இடத்தில்
ஆப்பு எந்த வாயை அடைத்தது?
(அந்தக் கேள்விக்குறி இதற்காகத்தான்.)

இவற்றுக்குத் துக்கம் கிடையாது.
சமையலறையில் தண்ணீர் கொதித்து வற்றும்வரை
கெட்டிலைப் பார்த்துக்கொண்டே நிற்பது கிடையாது.
தம்பியின் கல்யாணப் பத்திரிகையை
பிரிக்காமல் குளிர்பெட்டிமேல் வைத்திருப்பது கிடையாது.
குணமாக வேண்டிய எதுவுமே இல்லாமல்
பாட்டுக்கு அரும்பிக்கொண்டிருக்கின்றன.

பொறாமையாக இருந்தது.

அப்புறம்,
பொறாமையாக இருக்கிறதே என்று
கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல்
அப்படியே இருந்தாள்.
நவம்பரிலிருந்து எதுவும் இப்படிக் குத்தவில்லை.

நோட்டில் எழுதவில்லை.
ஒரே ஒரு மாதிரியை வைத்து
யாரும் முடிவுக்கு வருவதில்லை.
நாளை இல்லாமலும் போகலாம் இது.

"என்ன, அப்படியே உறைந்துவிட்டாய்?"
ரெய்யோ கேட்கிறான்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு," என்கிறாள்.
ஜன்னலில் இருட்டு ஏறிவிட்டது.
கிளையின் அடிக்கு லென்ஸை நகர்த்தி
மறுபடி ஒன்றிலிருந்து.