இடது பின்கதவு

ருஸ்தாவி கார்ச் சந்தைக்குப் பின்னால் பன்னிரண்டாம் கொட்டகை.
அமெரிக்காவில் மோதி, கப்பலேறி, போத்தியில் இறங்கி,
இங்கே முகம் நிமிர்த்தப்பட்ட கார்கள்
கடைசியாக என்னிடம் வரும்.
நான் மாமுகா. மினுக்குகிறவன்.
தகரம் தட்டுவது என் வேலை இல்லை.

இரவு ஷிப்ட் முடித்து ஆஸ்பத்திரிச் செருப்போடு
லம்சிரா வந்து நின்றாள். கருநீல சுபாரு.
"பளபளன்னு ஆக்கிடு."
எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்,
முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்து
"நல்லா வெட்டு" என்பதுபோல.

விற்கவா, வைத்துக்கொள்ளவா?

விற்கவென்றால் மெழுகு போதும்.
பிரேசிலில் ஏதோ ஒரு பனையின் ஓலையில் படிவதாம்.
டப்பா திறந்தால் வெயில்பட்ட தேன்கூட்டு வாசம்.
விரல் சூட்டிலேயே இளகும்.
சிலந்திவலைக் கீறல்களில் போய் உட்கார்ந்துகொண்டு
ஒன்றும் நடக்காததுபோல் முகம் வைத்திருக்கும்
இரண்டு மாதம்.
வாங்கியவன் கையெழுத்தின் மை அதற்குள் காய்ந்துவிடும்.

வைத்துக்கொள்ளவென்றால் சீலன்ட்.
வாசமில்லை, நிறமில்லை, பிடிவாதம் மட்டும் உண்டு.
வெறும் பெயின்ட்டைத்தான் பிடிக்கும்.
பழைய மெழுகு பொட்டளவு இருந்தாலும் ஒட்டாது.
ஸ்பிரிட் போட்டுத் துடைத்து
ஓர் இரவு நனையாமல் விட்டால்
இரும்பாலைத் தூசியையும் ஒரு குளிர்காலத்தையும் தாங்கும்.

பாலிஷ் வேறு ரகம்.
அது பூச்சே இல்லை, எடுப்பு.
கீறலை நிரப்பத் தெரியாது அதற்கு.
கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள ஊரையே இறக்கிவிடும்.
ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று மைக்ரான்.
இன்னும் எத்தனை தடவை என்பது பெயின்ட்டுக்குத் தெரியும்.
வாய் திறக்காது.
அதற்குத்தான் இந்த மீட்டர்.

வைத்தேன்.
பானட் நூற்றுப் பத்து. கூரை நூற்றுப் பதினைந்து.
வலப்பக்கம் முழுக்க அதே கணக்கு.
இடது பின்கதவு
நானூற்று முப்பது.

மீட்டரை உதறி மறுபடி வைத்தேன்.
நானூற்று முப்பது.
கைப்பிடிக்குக் கீழே, ரப்பர் இடுக்கில்
நகக்கண் அளவு வெளுத்த மெழுகு.
நான் பூசியது.
இரண்டு வருடம் முன்பு, கோச்சா நாற்பது லரியைச்
சட்டைப்பையில் திணித்து
"நாளைக்கு ஒருத்தி பார்க்க வர்றா" என்ற சாயங்காலம்.

"இந்தக் கதவு..." என்று ஆரம்பித்தேன்.
"தெரியும். முதல் பனியிலேயே நிறம் பிரிஞ்சு தெரிஞ்சுது.
அந்தப் பக்கம் நான் யாரையும் உட்கார வைக்கிறதில்லை."
கொஞ்சம் பொறுத்து,
"ஆனா மினுக்கினவன் நல்ல கைக்காரன்" என்றாள்.

நான் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.
டேப் என் கையிலேயே இருந்தது.

விற்பதா வைப்பதா அவளுக்கே தெரியவில்லை.
பாரி நகரத்திலிருந்து கடிதம் வரவேண்டும்.
படுத்த படுக்கையாய் ஒரு கிழவர்,
மாதம் ஆயிரம் யூரோ, ஞாயிறு பாதிநாள் விடுப்பு.
வந்தால் கார் போகும், அவளும் போவாள்.
வராவிட்டால் குளிர்காலம்.

பானட்டின் நடுவே டேப் ஒட்டினேன்.
இந்தப் பாதிக்கு மெழுகு, அந்தப் பாதிக்கு சீலன்ட்.
"மழை வரட்டும், நீயே பார்த்துச் சொல்."
கதவை மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்தேன்,
என் கை வைத்ததெல்லாம் துணிக்கு வரும்வரை.
பிறகு அதில் எதுவும் பூசவில்லை.
காசு வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை,
பாதிதான் வாங்கினேன். ஏனென்று அவள் கேட்கவில்லை.

பதினோராம் நாள் மழை.
ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் செய்தாள்.
"ஒரு பாதியில முத்து முத்தா நிக்குது,
இன்னொரு பாதியில நிக்கவே இல்ல, வழிஞ்சு ஓடுது.
எது எது?"

"கடிதம் வந்துதா?" என்றேன்.

தகரக் கூரைமேல் மழை எனக்கும் அவளுக்கும் நடுவே பேசிற்று.
அவள் ஏதோ சொன்னாள், விழவில்லை.
பிறகு தெளிவாக,
"மாமுகா, அந்தக் கதவுல மட்டும்
தண்ணி எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம
அப்படியே படுத்துக் கிடக்கு."