நாலு மில்லிமீட்டர்

கழற்றி மேசையில் வைத்தபோதும்
இளஞ்சூடு மிச்சமிருந்தது.
வெர்னியரைக் கவ்வவிட்டேன்.
போன தைப்பூசம், பாதி ஷிப்டு வடலூர் போயிருக்க
நானும் ஹெல்பர் இருதயமும் போட்ட ஸ்பிரிங்.
அன்று நூற்றிருபது.
இன்று நூற்றுப் பதினாறு.

நாலு மில்லிமீட்டர் எங்கே போகும்?
உடைசல் இல்லை, விரிசல் இல்லை,
துரு என்று ஒரு பொட்டுகூட இல்லை.
ஐந்நூறு டிகிரி ஆவிக்கு மேல் உட்காரவைத்து
அமுக்கிப் பிடி என்றோம் பதினோரு மாதம்.
பிடித்துப் பிடித்து
அமுங்கியதே தன் உயரம் என்று
நம்பிவிட்டது.

அதனால்தான் முந்தாநாள் ராத்திரி இரண்டு மணிக்கு
வரவேண்டிய அழுத்தம் வருமுன்பே
வால்வு வாய்திறந்து அலறியது.

வெறும் நீராவி.
சிப்காட் மதிலுக்கு உள்ளே எங்களுக்குத் தெரியும்
வெறும் நீராவி என்று.
குடிகாட்டில் என் நாத்தனார் செங்கொடி
பிள்ளையைத் தோளில் போட்டு
ஈரத்துணியால் அதன் மூக்கைப் பொத்தி
காற்று எந்தப் பக்கம் என்று
முருங்கை இலையைப் பார்த்து நின்றிருக்கிறாள்,
விடியும்வரை.
காலையில் பால் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்:
"உங்க கம்பெனியில எது அப்படிக் கத்துச்சு?"

சான்றிதழில் நிக்கல் கலவை என்றுதான் இருக்கிறது.
முத்திரை, முத்திரைமேல் கையெழுத்து.
"பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்கே மேடம்"
என்கிறார் பர்ச்சேஸ் மாசிலாமணி.

பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று
என் டூல் பாக்ஸில் கிடக்கும்.
நாங்கள் கேட்ட நிக்கல் கலவை அதைச் சட்டைசெய்யாது,
கடலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்.
இது
டக்கென்று ஒட்டிக்கொண்டது,
சந்தையில் தொலைந்த பிள்ளை அம்மாவைக் கண்டதுபோல.

அறையில் ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அசல் ஸ்பிரிங் ஒன்றின் விலை
என் மூன்று மாதச் சம்பளம். தெரியும்.
எங்கேயோ யாரோ
அந்த மூன்று மாதத்தை எடுத்துக்கொண்டு
இரும்பை அனுப்பியிருக்கிறார்கள்.

"தேய்மானம்னு எழுதிடுங்களேன்,
எதுக்கு வம்பு."

அளவை எழுதினேன்.
காந்தத்தை எழுதினேன்.
ராத்திரி இரண்டு மணியை எழுதினேன்.
முருங்கை இலைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.