தீர்மானம் 14

ஏற்காடு ஒன்றிய அலுவலக வரைபடத்தில்
எங்கள் ஊர் ஒரு பென்சில் புள்ளி.
பதினெட்டடிக்குக் குறைந்தால்
ரோட்டுக்கு நிதி கிடையாது என்கிறார் ஓவர்சியர்.
பதினெட்டடி வந்தால் சொகுசு பஸ் வரும்,
பின்னாலேயே
காப்பித் தோட்டத்தை மனையாய் அளக்க
ஆள் வரும்.

வார்டு உறுப்பினர் சடைச்சி
பேசாமல் அவர் கையிலிருந்த நாடாவை வாங்கி
மூன்றாம் வளைவுக்கு நடந்தார்.
போன ஆவணியில்
பொன்னுருவியை டோலியிலிருந்து
இறக்கிவைத்த இடம்.

நூத்தியெட்டு வண்டிக்கு ஏழடி.
எதிரே வரும் மாடு ஒதுங்க நாலு.
"பதினொண்ணு. எழுதிக்கங்க செயலரே."

"பணம்?" என்றார் ஓவர்சியர்.

மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்கையே
பார்த்துக்கொண்டு நின்றார் சடைச்சி.

மழை பிடித்துக்கொண்டது.
தீர்மானப் புத்தகத்தைச்
சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன்,
அகலம் என்ற இடம்
இன்னும் காலியாக.