ஒத்தை சீட்

பத்தொன்பது வயசில் ஆசைப்பட்டது
நாற்பத்தொன்றில் வாய்த்தது:
ஸ்பிரிங் வைத்த ஒத்தை சீட்,
பழுப்புத் தோல், ஓரமெல்லாம் பித்தளை ஆணி.
மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
பினோஜின் ஒர்க்‌ஷாப்பில்
பழைய நீள சீட்டைக் கழற்றியபோது
அடியில் இருந்தவை
ஒரு ஐந்து ரூபாய், ஒரு ஹேர்பின்,
பதினோரு வருசத்துச் செம்மண்,
அப்புறம்
மட்கார்டில் நாலு துளை.

இரண்டு, சீட் போல்ட்டுக்கு.
இரண்டு, அவள் பிடித்துக்கொண்டு வந்த கம்பிக்கு.

"இத என்ன செய்யது?" என்றேன்.
"மழைக்கு முன்னால எதாவது வச்சு அடச்சிரும்"
என்றான் பினோஜ், கையை டீசலில் கழுவிக்கொண்டே.
மழைக்கு முன்னால் என்றால்
இந்த மாவட்டத்தில் அது எப்போது?
இடவப்பாதி போய்த் துணி காயுமுன்
துலாம் வந்துவிடும்.

பெல்ஸிக்கு வேலை குலசேகரத்தில், ஆஸ்பத்திரியில்.
பதினோரு வருசம் நான்தான் கொண்டு விட்டேன்.
போன மாசம் அவளே ஸ்கூட்டர் எடுத்தாள்.
வெள்ளை நிறம், பதினெட்டு மாசத் தவணை, அவள் சம்பளம்.
சண்டை ஒன்றும் இல்லை.
ஒத்தை சீட்டைப் பார்க்கிறவர்கள்
முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.
காலி இடத்தை எதற்குச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்
என்று தோன்றியது, அவ்வளவுதான்.

முதல் மழை திருவட்டாறு இறக்கத்தில் பிடித்தது.
சக்கரம் எறிந்த சேறு
துளை வழியே ஏறி
என் வெள்ளைச் சட்டை முதுகில்
நாலு கோடு இழுத்தது.
துவைக்க எடுத்தவள்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"இத்தன வருசமும்
இதுக்க மேலயா நான் இருந்தேன்?"

என்னென்னவோ வைத்துப் பார்த்தேன்.
எம்-சீல் காய்ந்தது,
எஞ்சின் நடுக்கத்தில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.
இன்சுலேஷன் டேப் இரண்டு நாள்.
போல்ட்டும் வாஷரும் போட்டால்
துரு வருமுன் சத்தம் வந்தது.
பால்வெட்டும் சஜுகுமார்
ஒட்டுப்பால் ஒரு உருண்டை தந்தான்.
அடைத்தது, பொய் சொல்லக்கூடாது.
ஆனால் வெயிலில் நிறுத்தியதும் கிளம்பிய நாற்றத்தில்
பெட்ரோல் பங்கில் பக்கத்தில் நின்றவர்
தன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒரு நாள் நைட் டியூட்டி முடிந்து வந்தவள்
பையைக் கவிழ்த்தாள்.
ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர் மூடிகள்,
சாம்பல் நிறம், ஒரு கைப்பிடி.
"களுவித்தான் கொண்டாந்தேன், மூஞ்சிய சுளிக்காதயும்."
சோறு ஆறட்டும் என்று விட்டுவிட்டு
இருவரும் முற்றத்தில் குந்தினோம்.
அவள் டார்ச் பிடித்தாள்.
கட்டைவிரலால் அழுத்த
மூன்று துளையில் 'டப்'பென்று உட்கார்ந்தன.
நாலாவது பிடிக்கவில்லை.
வலப்பக்கத்துக் கம்பி போன துளை அது,
தேய்ந்து அகன்றிருந்தது.
இறக்கத்திலெல்லாம்
அவள் பிடித்து இழுத்த பக்கம்.
"பெரிய குப்பி வரட்டும்" என்றாள்.
இன்னும் வரவில்லை.

நேற்று ஸ்கூட்டர் மக்கர்.
ஆஸ்பத்திரி வாசலில் மழைக்குள் போய் நின்றேன்.
குடையை மடக்கிக்கொண்டு
பழக்கத்தில் பின்பக்கம் வந்தவளின் கை
கம்பியைத் தேடிவிட்டு நின்றது.
மூன்று சாம்பல் மூடி. ஒரு துளை.
"எங்க இருக்க?"
நானும் இறங்கிப் பார்த்தேன்,
எங்கேயாவது இடம் இருந்துவிடும் என்பது போல.

மார்த்தாண்டம் பஸ் வந்தது, ஏறினாள்.
திருவட்டாறு தாண்டி, ஆற்றூர் வரை
பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டினேன்,
முந்த இடம் கிடைத்தும்.
கடைசி சீட் கண்ணாடியில் அவள் கொண்டை.
ஒரு தடவை திரும்பி
முன்னால் போ என்று கை காட்டினாள்.
பஸ் எறிந்த சேறு
நெஞ்சு முழுக்க, பட்டன் துளை வரை.
முதுகில்
ஒரே ஒரு கோடு.