நாற்பத்தேழாவது கேள்வி

வின்னிபெக். ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
கதவு திறந்தால் முதலில் வருவது மூச்சுப்புகை,
ஆள் அப்புறம்.
பூட்ஸில் ஒட்டிய பனி என் மேசைவரை வந்து
சேறாகிறது.
பெயர் கேட்கிறேன். பென்சில் தருகிறேன்.
கைபேசியை வாங்கி ஒரு கூடையில் போடுகிறேன்.
வக்கீல்களை வேலைக்கு எடுக்குமுன்
அளந்து வைப்பது என் உத்தியோகம்.
தையற்காரருக்கு டேப்.
எனக்குத் தொண்ணூறு வாக்கியங்கள், நாற்பது நிமிடம்,
ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்:
எப்போதும். சிலசமயம். ஒருபோதும் இல்லை.

'விருந்தில் கடைசியாகக் கிளம்புவது நான்தான்.'
'முன்பின் தெரியாதவரை எளிதில் நம்புகிறேன்.'

டொராண்டோவிலிருந்து வந்த ஆலோசகர்
தவறான ஆளை உறைந்த குழாய் என்றார்:
சுவருக்குள் இருக்கும்வரை தெரியாது.
முதலில் எங்கள் பங்குதாரர்கள் பதினொரு பேரும்
உட்கார்ந்து எழுதினார்கள்,
பள்ளிப்பிள்ளைகள்போல ஒருவர் தாளை ஒருவர் எட்டிப்பார்த்து.
முடிவுகள் என் கைக்குத்தான் முதலில் வந்தன.

கார்டன் பீக், பொறுதி: தொண்ணூற்று நான்கு.
கெடு தேதியை இரண்டு முறை தவறவிட்டவர்.
இரண்டு இரவும் நன்றாகத் தூங்கியவர்.

ஹலீனா வோஸ்னியுக், பொறுதி: ஒன்பது.
பரிந்துரை இல்லை.
பிள்ளை யாரிடம் வளர்வது என்று நீதிமன்றம் பிரிக்கும் நாட்களில்
மூன்றாம் மாடிக் கழிவறையில்
குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள், இருபத்தாறு வருடமாக.
தண்ணீர்ச் சத்தம் எதற்கென்று
கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.
பிறகு முகம் துடைத்துக்கொண்டு போவாள்.
எதிர்த்தரப்பு அவளைக் கண்டால் சமரசம் பேசும்.

பதினொரு பேரையும் கூட்டி
பதினொன்றால் வகுத்தார் ஆலோசகர்.
ஓர் ஆள் கிடைத்தார்.
எங்களில் ஒருவரும் அவர் இல்லை.
ஏப்ரலிலிருந்து அவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இன்று லெனோர் இஸ்ஃபெல்ட், கிம்லியிலிருந்து.
ஏரி உறைந்தபின் பனியில் துளையிட்டு வலை இறக்கும் குடும்பம்;
கட்டைவிரலில் பழைய கீறல்.
நாற்பத்தாறுவரை பென்சில் நிற்கவில்லை.
அப்புறம் கை உயர்ந்தது.

'முடிவெடுத்த பின் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.'
யார் எடுத்த முடிவு, என்று கேட்டாள்.
யாருக்காக?
மேல்முறையீடு உண்டா அதற்கு?

உங்களுக்குத் தோன்றுவதைக் குறியுங்கள்.
நான் சொல்லலாம் என்று எழுதிக் கொடுத்திருப்பது அவ்வளவுதான்.

மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில்
நகத்தளவு நாலாவது ஒன்று வரைந்தாள், கோணாமல்,
உள்ளே எழுதினாள்:
பொறுத்தது.

இயந்திரம் தாளை விழுங்கித் துப்பியது.
செல்லாத விடை.
என் இழுப்பறையில் அழிரப்பர் இருக்கிறது.
இதற்கு முன்னால் அதை நான் பயன்படுத்தியதே இல்லை
என்று சத்தியம் செய்யமாட்டேன்.

தாளை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினேன்.
குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
கதவைத் தட்டினேன். நின்றது.

ஈரக் கையோடு வாங்கிப் படித்தாள் ஹலீனா.
மற்ற எண்பத்தொன்பதும்?
கச்சிதம், என்றேன். ஆலோசகர் கேட்கும் அதே ஆள்.
ஆக, எண்பத்தொன்பது பொய், ஒரு உண்மை.
மூக்கை உறிஞ்சினாள்.
நம் சாட்சிகளைவிடப் பரவாயில்லை.

கீழே இறங்கினால்
கூடையில் ஒரு கைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது.
கதவில் மூச்சுப்புகை. பின்னாலேயே அவள்,
இமைமயிரில் வெள்ளை உறைந்து.

கைபேசிக்குத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.
அதை அவள் பார்க்கவே இல்லை.
பஸ் நிறுத்தம்வரை போய்விட்டேன், என்றாள்,
அந்த நாற்பத்தேழை மாற்றவேண்டும்.
ஒருபோதும் இல்லை. அதுதான் சரியான கட்டம்.
இப்போது மாற்றலாமா?

நேரம் முடிந்துவிட்டது என்று சொல்வது விதி.
தாள் என்னிடம் இல்லை என்றேன்.
அதுவும் உண்மைதான்.